கரடி யார்? சொன்னால் புத்தகம் இலவசம்

கொன்றைக்கோட்டை என்று ஒரு நாடு. மகுடேசுவர பூபதி அதை ஆண்டுவந்தார். அவரிடம் யானைப்படை இருந்தது, குதிரைப்படை இருந்தது, அரண்மனை முழுக்க வைஃபையும் இருந்தது. இது எந்தக் காலத்தில் என்று கேட்காதீர்கள். கதை கேட்க வந்தவர்களுக்கு வரலாறு எதற்கு?

அந்த நாட்டில் நல்லசிவம் என்று ஒரு சுதந்திர எழுத்தாளர். அதாவது தானே எழுதி, தானே பதிப்பித்து, தானே விளம்பரம் செய்து, பல சமயம் தானே வாங்கியும் கொள்பவர். 'தேனடைக் காடு' என்று ஓர் உருவகக் கதை எழுதியிருந்தார். அதில் காட்டை ஆள்வது ஒரு கரடி. தேனீக்கள் சேர்த்ததையெல்லாம் நக்கித் தீர்த்துவிட்டு, "இந்த வருஷமும் நீங்க சரியா உழைக்கலை" என்று தேனீக்களையே திட்டும்.

உருவகக் கதைக்கு அழகே சொல்லாமல் விடுவதுதான். ஆனால் சொல்லாமல் விட்டால் விற்கவில்லையே, பாவம் மனிதர் என்ன செய்வார்? காலையில் இணையத்தில் ஒரு பதிவு: 'இது வெறும் கரடி அல்ல.' மாலையில் இன்னொன்று: 'உண்மையாகவே இது வெறும் கரடி அல்ல.' சித்தப்பா மகன் லைக் போட்டான். கடைசியில் மனம் நொந்து ஒரு போட்டி வைத்தார்: 'கரடி யார்? சரியாகச் சொல்பவருக்குக் கையெழுத்திட்ட பிரதி இலவசம். புத்தகம் வாங்க, லிங்க் முதல் கமெண்டில்.'

இலவசம் என்றும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை, தலைமை அமைச்சர் திருவேங்கடத்தாரைத் தவிர. அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்துக் கவிதை எழுதமாட்டேன் என்று சொன்னவர் இந்த நல்லசிவம். அந்தக் கறுவல் அமைச்சர் மனதில் அப்படியே இருந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அரசவைக்குப் போனார்.

"மகாராஜா, இந்தக் கரடி தாங்கள்தான்" என்று போட்டுக்கொடுத்தார். "நாலாம் அத்தியாயத்தில் மத்தியானம் சாப்பிட்டதும் குறட்டை விடுகிறது பாருங்கள்."

நல்லசிவத்தை இழுத்துவந்து நிறுத்தினார்கள். குற்றச்சாட்டைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"நாலாம் அத்தியாயம் வரைக்கும் படிச்சீங்களாய்யா?" என்று அமைச்சரைக் கேட்டார். "நடை எப்படி இருக்கு?"

"அதை விடும்" என்றார் அரசர். "கரடி நான் இல்லை என்று இப்போதே நிரூபியும். இல்லையென்றால் உம்மை யானைக் காலில் போட்டுவிடுவேன்."

நல்லசிவம் எதை வைத்து நிரூபிப்பார்? மாதக்கணக்காக 'வெறும் கரடி அல்ல' என்று ஊரெல்லாம் கூவிய வாய், இப்போது 'வெறும் கரடிதான்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்போது அரசவை விகடகவி வீரபாகு எழுந்தார்.

"மகாராஜா, புத்தகத்தைப் படித்தவர் இந்த நாட்டிலேயே அமைச்சர் ஒருவர்தான். அவரிடமே கேட்டுவிடுவோம். ஐயா, அந்தக் கரடி எப்படிப்பட்டது?"

"திருட்டுக் கரடி" என்றார் அமைச்சர் உற்சாகமாக. "சோம்பேறி. யாராவது புகழ்ந்தால் பல்லிளிக்கும். மூளையும் கொஞ்சம் மட்டு."

"சரி. இதையெல்லாம் படித்ததும் உங்களுக்குச் சட்டென்று யார் ஞாபகம் வந்தது?"

அமைச்சர் வாயைத் திறந்தார். அரசர் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"எனக்கு நம்ம மகாராஜா ஞாபகம் வரவே வராது" என்றார் வீரபாகு பவ்வியமாக. "உங்களுக்கு எப்படி வந்ததோ?"

அரசர் மெதுவாகத் திரும்பினார். "சொல்லும், திருவேங்கடத்தாரே. கரடி யார்? நான்தான் என்றால் யானை உமக்கு."

அமைச்சர் சுற்றிப் பார்த்தார். தளபதியைச் சொல்லலாம் என்றால் அவர் இடுப்பில் வாள் இருந்தது. பொக்கிஷதாரைச் சொல்லலாம் என்றால் அவர் சம்பந்தி.

"நான்தான், மகாராஜா" என்றார் ஈனசுரத்தில். "கரடி நான்தான்."

"வாயால் சொன்னால் செல்லாது" என்றார் வீரபாகு. "போட்டியில் பதிவிடணும்."

அமைச்சர் கைபேசியை எடுத்துத் தட்டினார்: 'கரடி நானே.' சற்று நேரத்தில் நாடே அதைப் பார்த்தது. வரி கட்டிக் கட்டி அலுத்த சனங்கள் போட்டி போட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கினார்கள். நல்லசிவம் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு அமைச்சரிடம் நீட்டினார்.

"சரியான விடைங்கய்யா, வாழ்த்துகள். அப்படியே ஒரு அஞ்சு நட்சத்திரம் போட்டுடுங்க."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி வீரபாகுவுக்குப் போட்டார். அவை கலைந்ததும் நல்லசிவத்தைப் பக்கத்தில் அழைத்தார்.

"உயிருக்குப் பயம் இல்லை. உண்மையைச் சொல்லும். கரடி யார்?"

நல்லசிவம் வாயைத் திறப்பதற்குள் வீரபாகு முந்திக்கொண்டார்.

"லிங்க் முதல் கமெண்டில் இருக்கு, மகாராஜா."

அரசர் இன்னும் பலமாகச் சிரித்தார். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி புத்தகத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். நாலாம் அத்தியாயம் வந்தது. அன்று மத்தியானம் அரசர் தூங்கவில்லை.