பாதி இறக்கிய ஷட்டர்

அன்று காலை மடத்து வாசலில் நின்றவர்கள்: பஞ்சநத அடிகள், மடத்துக்குச் சாமான் வாங்கிப்போடும் சீடன் ஏகாம்பரம், தையல்கடை யாக்கூப், முந்தின நாள் இறந்துபோன மளிகைக்கடைத் தங்கப்பழத்தின் மகள் பொன்செல்வி. ஆக நாலு பேர்.

பொன்செல்வி அழுது ஓய்ந்திருந்தாள்.

"சாமி, இந்தத் தெருவுல யார் சவம் போனாலும் அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வெளிய வந்து நிப்பாங்க. பேச்சுவார்த்தை இல்லாத வீடா இருந்தாலும் நிப்பாங்க. இன்னைக்கு அவங்க போறாங்க. இறக்குறதுக்கு எந்தக் கடை இருக்கு?"

பைபாஸ் ரோட்டில் அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்து மூன்று வருஷம். கடைத்தெருவின் பத்துக் கடைகளும் மடத்துக்குச் சொந்தம். ஒன்பது பேர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாகக் கொடுத்தவர் தங்கப்பழம். அந்தச் சாவிகளெல்லாம் ஏகாம்பரத்தின் இடுப்பில் கொத்தாகத் தொங்கின.

"உங்க கடை இருக்கே, மாமா" என்றாள் பொன்செல்வி.

"இருக்கு தாயி. பைபாஸ் கடையில வாங்குற பேண்ட்டைக் கால் குறைச்சுத் தர ஆளில்லை, அதனால இருக்கு" என்றார் யாக்கூப். "ஆனா பாடை தூக்க உன் வீட்டுக்காரரும் அவர் தம்பிங்க ரெண்டு பேரும்தான். நான் ஷட்டர் பக்கம் போனா ஒரு தோள் குறையும்."

ஏகாம்பரத்தின் முகம் சுண்டிப்போயிற்று. மடத்துச் சாமானைத் தங்கப்பழம் கடையிலிருந்து பைபாஸுக்கு மாற்றியவன் அவன்தான்.

"சாமி, விலை குறைவா கிடைச்ச இடத்துல வாங்கினேன். அந்த மிச்சத்துல தினமும் பத்துப் பேருக்குக் கூடுதலாச் சோறு போட்டோம். அது தப்பா?"

அடிகள் அவன் இடுப்பைப் பார்த்தார்.

"திற."

"எதை, சாமி?"

"எல்லாத்தையும்."

துரு பிடித்த ஷட்டர்கள் லேசில் எழவில்லை. ஒன்பதையும் தூக்கி முடிப்பதற்குள் ஏகாம்பரத்தின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. தங்கப்பழம் கடைக்குள் வற்றல் மிளகாய் நெடி இன்னும் இருந்தது.

பாடை வந்தது. ஏகாம்பரம் முதல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றான். பாடை நகர்ந்ததும் அடுத்த கடைக்கு ஓடினான்.

"நில்லுங்க. ஷட்டர் இறக்குறவர் வரட்டும்" என்றாள் பொன்செல்வி. தூக்கியவர்கள் நின்றார்கள். ஒவ்வொரு கடை முன்னும் நின்றார்கள். தோளில் கனம் அழுத்த, யாக்கூப் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "மெதுவா வா தம்பி. அவருக்கு இனி அவசரமில்லை."

பத்தாவது, யாக்கூப்பின் கடை. அங்கே அடிகளே நின்றிருந்தார். தம் கையாலேயே பாதி இறக்கினார்.

பாடை தெருமுனையில் திரும்பி மறைந்தது. ஏகாம்பரம் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"சாமி, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே."

"நாளைக்கு என்னையும் இந்தத் தெரு வழியாத்தான் தூக்கிப் போவாங்க" என்றார் அடிகள். "அன்னைக்கு நீ தோள் கொடுப்பியா, ஷட்டரை இறக்குவியா?"

ஏகாம்பரம் கிழிந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்தான். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் பூட்டினான். சாயங்காலம் யாக்கூப் குளித்துவிட்டு வந்து தன் ஷட்டரை மேலே தூக்கினார்.

தெருவில் திறந்திருந்த கடை, ஒன்று.