தாத்தாவின் மூக்கு

ராஜா வீட்டிலும் எண்ணெய் விளக்கு, ஏழை வீட்டிலும் எண்ணெய் விளக்கு என்றிருந்த காலம் அது. அப்போது ஓர் ஆற்றின் இந்தப் பக்கம் புன்னைக்கரை, அந்தப் பக்கம் கொடிமங்கலம் என்று இரண்டு ஊர்கள் இருந்தன. புன்னைக்கரையில் உலகம்மை என்றொரு கிழவி, கொடிமங்கலத்தில் அவளுடைய ஒரே தம்பி நல்லபெருமாள். அக்காவுக்கு எழுபது வயது, தம்பிக்கு அறுபத்தேழு.

இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே தாயும் தகப்பனும் கொள்ளைநோயில் போய்விட்டார்கள். உப்பு விற்ற தாத்தாதான் வளர்த்தார். வண்டியில் உப்பு மூட்டைக்கு மேல் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து ஊர் ஊராகப் போனார். தாயும் அவர்தான், தகப்பனும் அவர்தான், வாத்தியாரும் அவர்தான்.

இப்படி ஒரே மூட்டையில் வளர்ந்த இரண்டு பேர், பதினான்கு வருஷமாகப் பேசவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நல்லபெருமாள் தன் மகன் கல்யாணத்துக்கு அக்காவை நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. வேலை மும்முரத்தில் வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பிவிட்டான். "தட்டு வைக்காத வீட்டில் எனக்கென்ன வேலை?" என்று அக்கா போகவில்லை. "கூடப் பிறந்தவளே வரவில்லையா? இனி அவள் வாசலை மிதிக்க மாட்டேன்" என்றான் தம்பி. அவன் வந்து அழைக்கட்டும் என்று இவள், அவள் முதலில் வரட்டும் என்று அவன். வீம்புக்கு வயதாவதே இல்லை பாருங்கள்.

ஒருநாள் உலகம்மையின் பேத்திக்குக் குழந்தை பிறந்தது. வந்தவர்களெல்லாம் குழந்தை யார் ஜாடை என்று பேசினார்கள். கண் அம்மாவுக்கு, நெற்றி அப்பாவுக்கு என்றார்கள். மூக்கு யாருக்கு என்று மட்டும் தெரியவில்லை.

"எங்க தாத்தா மூக்குல்லா இது!" என்றாள் உலகம்மை.

"அவுக எப்படி இருப்பாக ஆச்சி?" என்று கேட்டாள் பேத்தி.

சொல்ல வாயெடுத்தாள். தாத்தாவின் வேட்டி நினைவுக்கு வந்தது. சாட்டைக்கம்பு நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை. கண்ணை இறுக மூடினாள், அப்போதும் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது இரண்டே பேர். தானும் மறந்து, தம்பியும் போய்விட்டால், அப்படி ஒரு மனிதர் வாழ்ந்ததற்குச் சாட்சியே இல்லை.

அவ்வளவுதான். தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று சேலையைத் தட்டி எழுந்து கம்பை எடுத்தாள்.

மகன் குறுக்கே வந்து நின்றான். "அழைக்காத வீட்டுக்கா போறிய? ஊரே சிரிக்கும்மா."

"பல்லு இருக்கவன் சிரிக்கட்டும். நீ வழியை விடு."

ஆற்றங்கரையில் பரிசல்காரன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "தம்பி வந்து கூப்பிட்டாரா ஆச்சி? இல்ல, ஆத்துல தண்ணி கூடிட்டு இருக்கு, அதான் கேக்கேன்."

"கூப்பிடலை. தண்ணி இன்னும் கூடுறதுக்குள்ள துடுப்பை எடு."

சுழலில் பரிசல் இரண்டு முறை சுற்றியது. கிழவி கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாளே தவிர, திரும்பு என்று சொல்லவில்லை. கரையில் இறங்கி உச்சிவெயிலில் நெடுந்தூரம் நடந்தாள். கால் வீங்கியது. உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள்.

தம்பி வீட்டுக் கதவைத் திறந்தது அவனுடைய மருமகள். "யாரு நீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் உலகம்மையைச் சுட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் முறுக்கிக்கொண்டு இருந்தாளோ, அந்தக் கல்யாணத்துப் பெண் இவள். பதினான்கு வருஷமாகியும் இவளுக்குத் தன்னை யாரென்று தெரியவில்லை. "புன்னைக்கரை உலகம்மைன்னு உள்ள சொல்லும்மா" என்றாள்.

பேர் உள்ளே போனது. நல்லபெருமாள் கூடத்தில்தான் இருந்தான். எழுந்து ஓடி வந்திருக்கலாம். வந்தானா? மருமகளிடம் கேட்டு அனுப்பினான். "அழைக்காத வீட்டுக்கு வந்த காரணம் என்னவாம்?"

மருமகள் கூசிக்கொண்டே அதை வந்து சொன்னாள். திரும்பிப் போய்விடலாம் என்று கால் ஒரு கணம் சொன்னது. உலகம்மை காலின் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே இருப்பவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"விருந்தாளியைத்தாம்லே அழைக்கணும். அக்காளுக்கு என்னத்துக்கு அழைப்பு? நான் விருந்துக்கு வரலை. தாத்தா முகம் எனக்கு மறந்துபோச்சு பெருமாளு. உன்கிட்ட இருக்கான்னு பார்க்க வந்தேன். அதுக்கும் தட்டு வச்சுத்தான் அழைப்பியா?"

உள்ளிருந்து ஒரு கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. நல்லபெருமாள் வாசலுக்கு வந்தான். அவனும் கம்பு ஊன்றுகிறான் என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா," என்றான். "நான் வந்து அழைச்சிருக்கணும். தப்பு என்மேல."

"நானும் வந்திருக்கணும். அதை விடு. முகத்தைச் சொல்லு."

அவன் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். பிறகு சொல்லத் தொடங்கினான். அகன்ற காது. புருவத்தில் மூன்று நரை. சிரித்தால் இடது கண் மட்டும் மூடிக்கொள்ளும். அவன் சொல்லச் சொல்ல, உலகம்மையின் கண்ணுக்குள் தாத்தா எழுந்து வந்தார்.

"ஆமாம்லே, தெரியுது, தெரியுது!" என்று அழுதாள். "அந்த வளைஞ்ச மூக்கு! என் பேத்தி பிள்ளைக்கு அப்படியே அந்த மூக்குதான்."

நல்லபெருமாள் அவளையே பார்த்தான். "எக்கா, தாத்தா மூக்கு பிறவியில வளையலையே. செவலை மாடு முட்டி வளைஞ்சதுல்லா. அது எப்படிப் பிள்ளைக்கு வரும்?"

உலகம்மை வாயைப் பிளந்தாள். பிறகு இரண்டு கிழடுகளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சிரித்தாள்.

"அப்போ பிள்ளைக்கு அது யாரு மூக்கு?" என்று கேட்டான் நல்லபெருமாள்.

"எனக்கெப்படித் தெரியும்? நீயே வந்து பாரு."

ஆற்றில் தண்ணீர் வடியும்வரைகூட அவனுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்தபடி பரிசல் ஏறினான்.

கேட்டவர்களே, இதைக் காதோடு விட்டுவிடாதீர்கள்: யார் முதலில் வருவது என்று காத்திருந்தால் ஆயுள்தான் முடியும், ஆகையால் உறவு வேண்டுகிறவர் தாமே முதலில் போக வேண்டும்.