அண்டாவும் பெயர் வெட்டிய தம்ளரும்

ஒரு கடற்கரை ஊரில், உப்பளங்களைத் தாண்டிப் போகிற சாலையில், பிள்ளைகளை வைத்து வளர்க்கிற இல்லம் ஒன்று இருந்தது. அந்த இல்லத்தின் சமையல்கட்டில் ஓர் அண்டா இருந்தது.

லேசுப்பட்ட அண்டா இல்லை. ஆள் உள்ளே இறங்கி நின்றுதான் தேய்க்க முடியும். அதற்குத் தன்னைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம். "நான் ஒருத்தன் இல்லையென்றால் இத்தனை பிள்ளைகளும் தெருவில்தான்" என்று அடுப்பில் ஏறும்போதெல்லாம் சொல்லும்.

வராந்தாவில் தொங்கிய மணி உடனே ஒத்து ஊதும். "சோறு நீ போடுகிறாய், ஒழுங்கு நான் சொல்லித் தருகிறேன்" என்னும். அதுவும் பொய்யில்லை. மணி அடித்தால்தான் பிள்ளைகள் எழுவார்கள், மணி அடித்தால்தான் குளிப்பார்கள், மணி அடித்தால்தான் தட்டில் கை வைப்பார்கள்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் வசதியானவர்களுக்குப் பிறந்தநாள் வந்தால் அன்றைய மதியச் சாப்பாடு அவர்கள் செலவு. சாதாரண நாளில் சோறும் சாம்பாரும். பிறந்தநாள் என்றால் முட்டை, அப்பளம், கேசரி. ஆனால் பரிமாறியதும் சாப்பிட்டுவிட முடியாது. பிறந்தநாள்காரர் வந்து சேர வேண்டும். பிள்ளைகள் எழுந்து நின்று, கைகூப்பி, அவர் பெயரைச் சொல்லிப் பிறந்தநாள் பாட்டுப் பாட வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மணி. பிறந்தநாள்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கேசரி என்றால் ஆறிப்போய்த் தட்டோடு ஒட்டிக்கிடக்கிற ஒரு பண்டம்.

ஓர் ஐப்பசி மழையில் செந்தூர்க்கனி என்கிற உப்பளத் தொழிலாளி தன் மகள் முப்பிடாதியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே வந்தாள். புருஷன் இறந்துவிட்டான். ரேஷன் கார்டு மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டது. மழை மாதங்களில் அளத்தில் வேலை கிடையாது.

"மழை மட்டும் கழியட்டும்க்கா" என்றாள் வார்டன் சுகிர்தாவிடம். "அளம் தொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

சொன்னபடியே தை மாதத்தில் வந்தாள். வார்டன் கெட்டவள் இல்லை. நல்லெண்ணத்தோடுதான் கேட்டாள். "படிப்பைப் பாதியில கெடுக்கப் போறியா? சரி, கூட்டிட்டுப் போ. அடுத்த மழைக்கு எங்க கொண்டுபோய் விடுவ?"

செந்தூர்க்கனி மகளுக்கு வாங்கி வந்த வளையலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த வருஷமும் அப்படித்தான் ஆனது, அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான்.

முப்பிடாதி வரும்போது கூடவே ஓர் எவர்சில்வர் தம்ளரும் வந்திருந்தது. காதுகுத்துக்குத் தாய்மாமன் வாங்கிக் கொடுத்தது. கடையிலேயே அவள் பெயரை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் இல்லத்தில் சொந்தத் தம்ளர் கூடாது. "இங்க எல்லாரும் ஒண்ணும்மா" என்று சொல்லி வார்டன் அதைத் தகரப் பெட்டியில் வைத்துவிடச் சொன்னாள். பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். அதனால் தம்ளரும் அண்டாவும் பேசிக்கொள்ள முடிந்தது.

"எந்த வீட்டிலிருந்து வருகிறாய்?" என்று அண்டா கேட்டது.

"ஒரு பானை இருக்கிற வீட்டிலிருந்து."

"ஒரே ஒரு பானையா! அதில் இரண்டு பேருக்கு வேகுமா?" அண்டா வயிறு குலுங்கச் சிரித்தது. "அந்த அழகுக்குப் பெயர் வேறு வெட்டியிருக்கிறார்கள்."

தம்ளர் கோபப்படவில்லை. "முப்பிடாதிக்குச் சோற்றில் அடிப்பிடித்தது பிடிக்கும். பானை அவளுக்கென்று கொஞ்சம் தீய விடும். உனக்குத் தெரியுமா?"

"நான் எதற்காகத் தீய விட வேண்டும்? நான் எல்லாருக்கும் ஒரே மாதிரி."

"அதைத்தான் சொல்கிறேன்" என்றது தம்ளர்.

முப்பிடாதி சாயங்காலங்களில் பெட்டியைத் திறப்பாள். தம்ளரை எடுத்துப் பெயரை விரலால் தடவுவாள். தண்ணீர் ஊற்றிக் குடிக்க மாட்டாள். யாராவது வந்தால் சட்டென்று துணிக்கடியில் வைத்துவிடுவாள். சுற்றிலும் அத்தனை பிள்ளைகள் கத்திக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அவள் தன்னந்தனியாக இருப்பாள். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான் என்று தம்ளருக்குக் கொஞ்ச நாளில் புரிந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் எதையாவது ஒளித்து வைத்திருந்தார்கள். உடைந்த சீப்பு, அம்மா சேலையில் கிழித்த துண்டு, ஒற்றைக் கொலுசு.

ஒருநாள் தம்ளர் சொன்னது, "நேற்று முப்பிடாதிக்குப் பிறந்தநாள்."

"நேற்றுதான் கேசரி இருந்ததே!" என்றது அண்டா.

"அது அரிசி மண்டி முதலாளியுடையது. அவளும் சேர்ந்துதான் பாடினாள்."

அண்டா விடவில்லை. "வயிறு நிறைந்ததா இல்லையா? அதைச் சொல்" என்றது.

"நிறைந்தது" என்று ஒத்துக்கொண்டது தம்ளர்.

நான்காவது மழையின்போது குழந்தைகள் நலத் துறையிலிருந்து ரெஜினா என்கிற அதிகாரி வந்தாள். பிள்ளைகளின் அப்பா அம்மாக்களை, அவர்கள் இல்லாவிட்டால் சித்தி மாமாக்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராகப் பேசினாள். செந்தூர்க்கனியின் முறை வந்தது. சமையல்கட்டுக்கு வெளியேதான் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"பிள்ளைய ஏன்மா இங்க விட்டீங்க?"

"சோத்துக்குத்தான் மேடம். சோறு இங்கதான இருக்கு."

"அந்தச் சோறு உங்க வீட்டுக்கு வந்தா?"

செந்தூர்க்கனி நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"உங்க பேர்ல தனிக் கார்டு வாங்குவோம். அளம் மூடுற மாசத்துக்கு அரிசி பருப்பு வீட்டுக்கே வரும். பள்ளிக்கூடம் உங்க தெருவுலயே இருக்கு" என்றாள் ரெஜினா. "இந்த அரைப் பரீட்சை லீவுக்கு வீட்டுல வச்சுப் பாருங்க. அவளுக்கும் உங்களுக்கும் ஒத்துவந்தா அங்கேயே இருக்கட்டும்."

அண்டாவுக்குக் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது.

அடுத்த பிறந்தநாளுக்கு வந்த அரிசி மண்டி முதலாளி ஆவுடையப்பனுக்கும் அதே அதிர்ச்சிதான். "அரிசிய வீட்டுக்கு அனுப்பணுமா? அனுப்பலாம் மேடம், எனக்கொண்ணும் இல்ல" என்று தலையைச் சொறிந்தார். "ஆனா நான் எங்க நின்னு போட்டோ எடுக்க?" அதைக் கேட்டு ரெஜினா சிரித்துவிட்டாள். அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, அரிசி கொடுக்கச் சம்மதித்தார். அன்றைக்கும் பாட்டு இருந்தது.

முப்பிடாதி புறப்படுகிற நாளில் அண்டா தம்ளரை அழைத்தது. "அந்தப் பானையை நம்பி ஏமாந்துவிடாதே. பசித்தால் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்."

"திரும்பி வருவாள் பாரேன்" என்றது மணி. "அவளை நான் விட்டாலும் என் சத்தம் விடாது. அது அவள் காதுக்குள் போய்விட்டது."

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். போக இடமே இல்லாத சிலர் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களுக்கு அண்டாவில் உலை வைத்தால் சோறு அடியில் எங்கோ கிடக்கும். வார்டன் சுகிர்தா ஒரு குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தாள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, "இன்னைக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். தனிமை என்றால் என்னவென்று அதற்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மணி, அந்தப் பெண் பெயர் என்ன? தம்ளரில் வெட்டியிருந்ததே. தம்ளர் சொல்லியும் என் மனதில் நிற்கவில்லை."

"எனக்கெப்படித் தெரியும்? நான் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே."

"நானும்தான்" என்றது அண்டா. அதற்கு அழுகை வந்தது.

இங்கே உப்பளத் தெருவில் பானைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தம்ளர் பெட்டியோடு வந்து சேர்ந்ததும் அது கேட்ட முதல் கேள்வி, "என் சோறு பத்தாது என்றுதானே அவளை அனுப்பினார்கள்? இப்போது பத்துமா?"

"அரிசி வந்திருக்கிறது. பத்தும்" என்றது தம்ளர்.

அரிசி போதுமானதாக இருந்தது. ஆனால் வேறொன்று சரியாக இல்லை. முப்பிடாதி விடியுமுன் எழுந்து பாயைச் சுருட்டிவிட்டு வாசலில் வரிசையில் நிற்கிற மாதிரி நின்றாள். அவளுக்கு முன்னும் யாரும் இல்லை, பின்னும் யாரும் இல்லை. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டாள். சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். தம்ளரை மட்டும் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவில்லை. எல்லாவற்றையும்விட, பெற்றவளை "அக்கா" என்று கூப்பிட்டாள். வார்டனைக் கூப்பிட்டுப் பழகிய வாய்.

செந்தூர்க்கனி முதல்முறை சிரித்தாள். இரண்டாம்முறை திருத்தினாள். அதற்கப்புறம் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டாள். பானை பதறியது. "மணி சொன்னது பலித்துவிடும் போலிருக்கிறதே" என்றது தம்ளர்.

லீவு முடிகிற நேரத்தில் செந்தூர்க்கனி ரெஜினாவுக்குப் போன் போட்டாள். "மேடம், பிள்ளைக்கு அங்கதான் புடிச்சிருக்கு போலிருக்கு. எங்கிட்ட ஒட்ட மாட்டேங்கா. புதன்கெழமை பள்ளிக்கூடம் தொறக்கும்லா, கொண்டாந்து விட்டுருதேன்."

"உங்க முடிவுதாம்மா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அங்கேதான் போவேன் என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் செந்தூர்க்கனிக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். நாளைக்கு அனுப்பப் போகிறோமே, நல்லதாக நாலு கவளம் போட்டு அனுப்புவோம் என்று அவள் முட்டைக் குழம்பு வைத்தாள். ரவையை வறுத்துக் கேசரி கிளறினாள். தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, "வாட்டி, உக்காரு" என்றாள்.

முப்பிடாதி வந்தாள். தட்டைப் பார்த்தாள். உட்காரவில்லை. முதுகை நிமிர்த்தி நின்று, கைகளைக் கூப்பிக்கொண்டு வாசலையே பார்த்தாள்.

"எதுக்குட்டி நிக்க?"

"அவுக இன்னும் வரலியே."

"யாரு வரணும்?"

"பொறந்தநாள்காரவுக" என்றாள் முப்பிடாதி. "இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்க்கா? பேரு சொல்லுங்க. பாடிட்டு உக்காந்துருதேன்."

செந்தூர்க்கனி கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் தன்னிடம் ஒட்டவில்லை என்று இத்தனை நாளும் தப்பாக நினைத்துவிட்டோமே என்று நொந்துபோனாள். இது உன் வீடு, இது உன் சோறு என்று இந்தப் பிள்ளைக்கு யாருமே சொல்லவில்லை. தானும்கூடச் சொல்லவில்லை. அடுப்பில் இருந்த பானை கொதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

அவள் மகளின் கூப்பிய கைகளைப் பிடித்துப் பிரித்தாள்.

"யாருக்கும் பொறந்தநாள் இல்லட்டி. இன்னைக்குச் செவ்வாக்கெழமை. அவ்வளவுதான்."

"வெறும் செவ்வாக்கெழமைக்கா கேசரி?"

"ஆமா. ஒனக்காவத்தான் கிண்டுனேன். யாரும் வர மாட்டாவ, நீ உக்காந்து சாப்பிடு."

முப்பிடாதி நம்பாமல் இன்னொருமுறை வாசலைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். கேசரியில் விரலை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆவி பறக்கிற கேசரியை அவள் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது.

"சுடுதும்மா!" என்றாள்.

செந்தூர்க்கனி எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து தம்ளரை எடுத்தாள். கழுவி, நிறையத் தண்ணீர் மொண்டு, பெயர் மகள் பக்கம் தெரிகிற மாதிரி தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முப்பிடாதி விரலை அதில் நனைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஊதி ஊதிச் சாப்பிட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"நாளைக்கு?"

"நாளைக்குப் புதன்கெழமை" என்றாள் செந்தூர்க்கனி. "ரசம் வைப்பேன்."