அடுத்தவன் கட்டை

காவிரிக்கரையில் வீணை செய்துவந்த தில்லைநாயக ஆசாரி ஒரு பலாமரத்தை வாங்கி நெடுக இரண்டாகப் பிளந்தார். தன் பட்டறையில் வேலை செய்த இருவரில் ஒரு கட்டை குழந்தைவேலுவுக்கு, மற்றது மாசிலாமணிக்கு. இரண்டு வருஷம் நிழலில் காயட்டும், மாதம் ஒரு தடவை மறக்காமல் புரட்டிப் போடுங்கள் என்று சொன்னார்.

எது நன்றாகக் காய்கிறதோ அதில் கோயிலுக்கு ஒரு வீணை. குடத்தையும் தண்டியையும் ஒட்டாமல் ஒரே மரத்தில் குடைந்தெடுக்கும் வீணை. காயவைத்தவனேதான் குடைய வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம்.

குழந்தைவேலுவுக்கு அந்த வீணை வேண்டும். சுருதி கூட்டும் பிரடைகளைச் சீவிச் சீவியே பதினாறு வருஷம் ஓடி, அவனுக்கு நாற்பது வயதாகிவிட்டது. மாசிலாமணி வந்து ஆறு வருஷம்தான். ஆனால் அவனுக்கு நல்ல காது. வெளியூரில் ஒரு வீணைக்குச் சீக்கு என்றால் ஆசாரியார் அவனைத்தான் அனுப்புவார். அவனும் போன இடத்திலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுவான். திரும்பும்போது தோளில் ஒரு புது வேட்டி, கையில் அல்வாப் பொட்டலம். "அண்ணே, உங்களுக்குத்தான்" என்று முதல் பங்கை நீட்டுவான். குழந்தைவேலு அதை வாங்கிப் பின்கட்டுக் கன்றுக்குட்டிக்குப் போட்டுவிட்டு வருவான்.

வயிறு எரிந்தது. பொறாமை என்று மட்டும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நியாயம் கேட்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

விடிந்ததும் முதல் வேலையாக மரக்கொட்டகைக்குப் போவான், மாசிலாமணியின் கட்டை வெடித்துவிட்டதா என்று பார்க்க. மேலே கீறல் இருக்காது. அப்படியானால் அடியில் இருக்கும் என்று நம்பிக்கையோடு இரண்டு கையையும் கொடுத்துப் புரட்டுவான். அடியிலும் இருக்காது. சலித்துப்போய் அப்படியே விட்டுவிட்டு வருவான். மறுநாள் அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டாமா? மறுபடி புரட்டுவான்.

தன் கட்டையைப் பற்றி அவனுக்குச் சந்தேகமே இல்லை. யார் கண்ணும் படக்கூடாதென்று சாக்கால் மூடிச் சுவரோரமாகக் கிடத்தியிருந்தான். புரட்ட வேண்டிய மாதங்கள் பல தவறிப்போயின. வேலை மும்முரம், வேறென்ன.

இரண்டு வருஷம் முடிந்தது. ஆசாரியார் கொட்டகைக்கு வந்து முதலில் சாக்கை விலக்கினார். விரலை மடக்கித் தட்டினார். சத்தம் எழும்பவில்லை. புரட்டினார். அடிப்பக்கம் பூஞ்சை பூத்து, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

மாசிலாமணியின் கட்டையைத் தட்டினார். கணீரென்றது.

குழந்தைவேலுவுக்குத் தாங்கவில்லை.

"ஐயா, ஒரே மரம். இவன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. நான் இங்கேயேதான் கெடந்தேன். இவனோடது மட்டும் எப்படிக் காஞ்சுது?"

ஆசாரியார் அந்தக் கட்டையின் விளிம்பைக் காட்டினார். இரண்டு இடத்தில் மரம் கறுத்து, வழவழப்பாக இருந்தது. தினமும் கைபட்ட இடம்.

"இங்க கைய வை."

குழந்தைவேலு வைத்தான். கை தானாகப் போய்ப் பொருந்தியது.

மாசிலாமணி அதைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் போட்டது போட்டபடி ஊர் ஊராச் சுத்தினேன். தினம் புரட்டிப் போட்டது நீங்கதானா அண்ணே? அப்ப இது உங்க கட்டை. நீங்கதான் குடையணும்."

அதோடு நிற்கவில்லை. உளிகளைத் தானே தீட்டிக்கொண்டு வருகிறேன் என்று பட்டறைக்குள் ஓடினான்.

பதினெட்டு வருஷமாக ஏங்கிய வீணை கைக்கடியில் கிடந்தது. குழந்தைவேலு கையை எடுத்துக்கொண்டான்.

"ஐயா."

"சொல்லு."

"நான் காயட்டும்னு புரட்டல."

"தெரியும்."

"வெடிச்சிருக்கான்னு பாக்கத்தான் புரட்டினேன். ஒரு நாள் விடாம. வெடிக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

ஆசாரியார் கட்டையை இன்னொரு தடவை தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பட்டறையில் சாணைக்கல் சத்தம் நின்றது.

"அது மரத்துக்கு வேண்டாத கதை" என்றார். "அதக் கேக்க வேண்டியவன் உளியோட வந்துக்கிட்டிருக்கான்."