ஒரு சுவர் பாக்கி

நல்லசிவம் துறவியாவதற்கு ஒரு சுவர்தான் பாக்கி.

மனைவி கோமு காலமான பிறகு அவருக்கு வீடு கசந்துவிட்டது. பித்துப் பிடித்தவர்போல ஆற்றங்கரை மடத்துக்குப் போய், "நானும் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றார். மடத்தை நடத்திவந்த அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனால் கறார்.

"வீடு எப்படிக் கெடக்கு அண்ணாச்சி?"

"சுவரெல்லாம் பேந்து கெடக்கு."

"பழுதை உங்க கையால பாத்துட்டு வாங்க. பெறவு பேசுவோம்."

கொத்தனார் கரண்டி பிடித்தறியாத கை. முதலில் பூசிய சிமென்ட் காய்ந்ததும் அப்பளமாகக் கழன்று விழுந்தது. பழைய பூச்சைக் கொத்திவிட்டு, சுவரை நன்றாக நனைத்த பிறகுதான் பூச வேண்டும் என்பது பட்ட பிறகே புரிந்தது. விரிசல்களைக் கீறி அடைத்தார். மேலே பட்டி பூசி மட்டமாக்கினார். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து, தூசியில் மீசைகூட வெளுத்துப்போனது.

எல்லாச் சுவரும் வழிக்கு வந்தன, நடு அறையில் ஓரிடத்தைத் தவிர. அங்கே பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாளில் உரிந்து, ஒரு பழுப்பு வட்டம் எட்டிப் பார்த்தது.

மறுபடி மடத்துக்குப் போனார்.

"அது என்ன கறை?" என்று கேட்டார் அம்மா.

"தேங்காய் எண்ணெய். கோமு வேலையெல்லாம் முடிச்சிட்டு அங்கனதான் தலையைச் சாச்சு உக்காருவா."

"போக்க வழி இல்லையா?"

"இருக்கு. செங்கல் தெரியுத வரைக்கும் கொத்திட்டுப் பூசினா போயிரும்."

"பெறவு என்ன?"

"உளியை எடுத்துட்டுப் போவேன். கை வரமாட்டேங்கு. ஒரே ஒரு தரம் அவ பக்கத்துல உக்காந்து பேச மாட்டோமான்னு கெடந்து தவிக்கேன் அம்மா. இந்த ஏக்கத்தை வச்சுக்கிட்டு மடத்துக்கு எப்படி வருவேன்?"

அம்மா எழுந்தார். "வாங்க, பாப்போம்."

வீட்டில் ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். எங்கும் பூச்சு விலகி நிற்கும் பொள்ளல் சத்தம் இல்லை. நடு அறைக்கு வந்ததும் வட்டத்தின் முன் நின்றார்.

நல்லசிவம் உளியையும் சுத்தியலையும் நீட்டினார். "நீங்களே கொத்திருங்க. என்னால முடியாது."

அம்மா வாங்கிக்கொண்டார். நல்லசிவம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். உளியும் சுத்தியலும் தரையில் இருந்தன. அம்மா எதிர்ச்சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா?"

"பழுதைத்தானே பாக்கச் சொன்னேன் அண்ணாச்சி? அந்த வேலை எப்பவோ முடிஞ்சுபோச்சே."

நல்லசிவம் வட்டத்தை மறைக்காமல், அதன் பக்கத்தில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார்.