ஓடிவிட்டு அழுத கரடி

பலாமரங்கள் மண்டிய ஒரு காட்டில், மலையடிவாரத்துக் குகை ஒன்றில், மத்தளம் என்று ஒரு கரடி குடியிருந்தது. நல்ல கரடிதான். யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாது. ஆனால் அதற்கு அளவு என்பது மட்டும் தெரியாது, குழந்தைகளே! பலாப்பழம் தின்ன உட்கார்ந்தால் கொட்டையைக்கூட விட்டுவைக்காது. தூங்கப் படுத்தால், அது எழுந்திருப்பதற்குள் அதன் முதுகில் சிலந்தி வலை பின்னி முடித்திருக்கும்.

ஒரு நாள் மத்தளம் தேன் எடுப்பதற்காக மருத மரத்தில் ஏறியது. கிளை மடாரென்று முறிந்தது. கரடி கீழே இருந்த கரையான் புற்றின்மேல் போய் உட்கார்ந்தது. புற்று இருந்த இடம் தெரியவில்லை.

மரத்திலிருந்த குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. மத்தளமும் சேர்ந்து சிரித்தது. ஆனால் குகைக்குத் திரும்பும்போது, "கிளைமேல் குற்றம் இல்லை. நான்தான் கனத்துவிட்டேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது.

வழியில் ஒரு புள்ளிமான் எதிரே ஓடி வந்தது.

"தினமும் காலையில் மலையைச் சுற்றி ஓடுகிறாயே, யாராவது துரத்துகிறார்களா?" என்று மத்தளம் கேட்டது.

"யாரும் துரத்தவில்லை. ஓடினால் உடம்பு லேசாகும். மனம் துள்ளும். நீயும் ஓடிப் பாரேன்!" என்றது மான்.

உடம்புக்கு உடம்பும் ஆயிற்று, மனத்துக்கு மனமும் ஆயிற்று என்று மத்தளத்துக்கு ஒரே மகிழ்ச்சி.

மறுநாள் விடிந்ததும் அது மானோடு கிளம்பியது. மான் அவசரப்படவில்லை. கொஞ்சம் புல்லைக் கொறித்தது. ஓடையில் வாய் வைத்தது. மெல்ல நடை போட்டது.

"இளைக்க வந்த இடத்தில் சாப்பாடா?" என்று மத்தளம் முகத்தைச் சுளித்தது. வெறும் வயிற்றோடு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், மலைச்சரிவில் உருளும் பாறை மாதிரி பாய்ந்து ஓடியது.

சிறிது நேரத்தில் நாக்கு வெளியே தொங்கியது. மான் பின்னாலிருந்து வந்து, ஒரு துள்ளலில் அதைத் தாண்டிப் போயிற்று. மத்தளத்துக்குப் பொறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடியது. மலைமேட்டில் இருந்த ஒரு பாறைக்கு வந்ததும் நெல்மூட்டையைப் போட்டது போல தொப்பென்று விழுந்தது. மானோ நிற்கவில்லை. மெல்ல நடந்தபடியே மறுபக்கம் ஓடையை நோக்கி இறங்கிப் போயிற்று.

வெயிலில் மல்லாந்து கிடந்த மத்தளம், "இதோ, இப்போது மனம் துள்ளும்" என்று காத்திருந்தது.

மனம் துள்ளவில்லை. கிணற்றில் போட்ட கல் போல அது கீழே கீழே போயிற்று.

ஓர் எறும்பு பக்கத்தில் ஊர்ந்து சென்றது. "எறும்புகூட என்னிடம் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை" என்று மத்தளத்தின் கண் கலங்கியது. மேலே ஒரு மேகம் நகர்ந்தது. "அதற்கும் நான் வேண்டாம்." பிறகு தன் பாதத்தைப் பார்த்தது. "இவ்வளவு பெரிய பாதத்தை வைத்துக்கொண்டு யாராவது நிம்மதியாக இருக்க முடியுமா?" இதை நினைத்ததும் அதற்கு அழுகையே வந்துவிட்டது. மலை எதிரொலிக்க அழுதது.

"ஓடியது போதவில்லை போலிருக்கிறது" என்று முடிவு செய்து, மறுநாள் இன்னும் அதிகமாக ஓடியது. இன்னும் அதிகமாக அழுதது.

அந்தப் பாறைக்குப் பக்கத்துப் புதரில் குழைவன் என்று ஒரு நரி இருந்தது. பேச்சில் தேன் ஒழுகும். கண் மட்டும் அடுத்தவர் பொருளில் இருக்கும். கரடி வெறும் வயிற்றோடு ஓடி வந்து விழுவதை இரண்டு நாளாகப் பார்த்திருந்த அது மெல்ல வெளியே வந்தது.

"அண்ணா, ஏன் இந்தக் கண்ணீர்?"

"நான் எதற்கும் உதவாதவன், குழைவா."

வேறு யாராவது இருந்தால், 'அப்படி இல்லை' என்று சொல்லியிருப்பார்கள். குழைவன் காதைச் சொறிந்துகொண்டது. "அதை உங்கள் வாயால் வேறு சொல்ல வேண்டுமா, அண்ணா?" என்றது.

"பார்த்தாயா, உனக்குக்கூடத் தெரிந்திருக்கிறது! எதற்கும் உதவாத எனக்கு என்று ஒரு பலாமரம் எதற்கு? நீயே வைத்துக்கொள்."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம், அண்ணா!" என்று நரி பதறியது. "எந்த மரம்? கிழக்கே இருப்பதா, மேற்கே இருப்பதா?"

மதியம் ஆற்றங்கரையில் வயிறு நிறைய அத்திப்பழம் தின்றபோது மத்தளத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் பலாமரத்தை ஏன் கொடுத்தேன்?" ஆனால் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க வெட்கமாக இருந்தது. "நாளைக்கு இன்னும் வேகமாக ஓடினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டது.

அடுத்த நாள் ஓடிவிட்டு, மருத மரத்தைக் கொடுத்தது. நரிக்கு மரமேறத் தெரியாது. ஆனாலும், "நிழலுக்கு ஆகும்" என்று வாங்கிக்கொண்டது. பிறகு மத்தளம் கரையான் நக்கித் தின்னும் புற்றுகளும் போயின. கடைசியில் குகையின் பேச்சு வந்தது.

"மனம் ஒடிந்தவர்கள் வேறு காட்டுக்குப் போய்விடுவதுதான் நல்லது, அண்ணா. உங்கள் குகையைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் இருக்கிறேன். நாளைக்கு எல்லாரையும் பாறைக்கு அழைக்கிறேன். அவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்" என்ற குழைவன், போகும்போது திரும்பிப் பார்த்து, "மறக்காமல் ஓடிவிட்டு வாருங்கள்!" என்றது.

குகைக்குக் கீழே இருந்த முட்புதரில் கெக்கலி என்ற காட்டுக்கோழி தன் குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. மனத்தில் பட்டதைப் பளிச்சென்று சொல்லிவிடும் கோழி. கரடியின் குறட்டைக்குப் பயந்து எந்தப் பூனையும் அந்தப் பக்கம் வருவதில்லை. அதனால் அந்தக் குறட்டை அதற்குத் தாலாட்டு. குரங்குகள் மூலம் செய்தி தெரிந்ததும், சிறகை அடித்துக்கொண்டு குகைக்குள் புகுந்தது.

"நீ போகிறாயாமே! உன் இடத்துக்கு நரி வருகிறதாமே! என் குஞ்சுகளுக்குப் பக்கத்து வீட்டில் நரியா? உனக்கு மூளை இருக்கிறதா?"

இதை மத்தளம் யோசிக்கவே இல்லை. குஞ்சுகளை நினைத்ததும் அதற்குச் சுருக்கென்றது. "என்ன செய்வது, கெக்கலி? நான் எதற்கும்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தியது. அதன் வாயில் அப்போதும் ஓர் அத்திப்பழம் இருந்தது. "எதற்கும் உதவாதவன் என்று சொல்ல வந்தேன். இப்போது அவ்வளவாகத் தோன்றவில்லை. காலையில் நன்றாகத் தோன்றியது."

கெக்கலி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "காலையில் என்றால் எப்போது? எழுந்தவுடனா?"

"எழுந்தவுடன் நன்றாகத்தான் இருப்பேன். பாட்டுக்கூடப் பாடுவேன்."

"கேட்டிருக்கிறேன். இனிமேல் பாடாதே. அப்புறம்?"

"அப்புறம் ஓடுவேன்."

"ஓடிவிட்டு?"

"அழுவேன்."

"முந்தாநாள் அடைமழை பெய்ததே, அன்றைக்கு?"

"அன்றைக்கு ஓடவில்லை. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்" என்ற மத்தளம், தான் சொன்னதைக் கேட்டுத் தானே திகைத்தது. "அட! அப்படியானால் ஓடுவதை விட்டுவிடுகிறேன்."

"அவசரப்படாதே. மானும்தான் ஓடுகிறது. அது அழுகிறதா?"

"எங்கே? ஓடையில் இறங்கிக் கும்மாளம் போடுகிறது."

"அது செய்து நீ செய்யாதது என்ன?"

மத்தளம் முகவாயைத் தடவிக்கொண்டு யோசித்தது. "அது புல் தின்றுவிட்டுக் கிளம்பும். நான் பட்டினி. அது மெல்ல நடந்து ஆரம்பிக்கும், மெல்ல நடந்து முடிக்கும். நான் பாய்ந்து ஆரம்பிப்பேன், விழுந்து முடிப்பேன். அது போகும்போதும் வரும்போதும் தண்ணீர் குடிக்கும். நான்..." கரடியின் குரல் தேய்ந்தது. "அது சில நாள் ஓடவே ஓடாது. படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். சோம்பேறி மான் என்று நினைத்தேன்."

"நீ உதவாதவனும் இல்லை, ஒன்றும் இல்லை. காய்ந்துபோன வயிறு பேசியதை மனம் பேசியதாக நினைத்துக்கொண்டு மரம் மரமாகத் தானம் செய்திருக்கிறாய்!" என்றது கெக்கலி.

மறுநாள் காலை கெக்கலி கரடியின் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "முதலில் நாலு பழம் தின்னு. தண்ணீர் குடி. இப்போது நட. நட என்றால் நட!"

பிறகு ஓட்டம் ஆரம்பமாயிற்று. "பேசிக்கொண்டே ஓடு. பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று தெரிந்துகொள்வேன்" என்றது கோழி.

மத்தளம் தான் குட்டியாக இருந்த காலத்திலிருந்து தன் கதையை ஆரம்பித்தது. எந்தப் பழம் எந்த மரத்தில் எப்போது பழுத்தது என்பது வரை ஒன்று விடாமல் சொன்னது. பாதி வழி போவதற்குள், இப்படி ஒரு யோசனையை ஏன் சொன்னோம் என்று கெக்கலி வருந்தியது.

மான் துள்ளித் தாண்டிப் போயிற்று. மத்தளத்தின் கால் பரபரத்தது. கெக்கலி காதில் ஒரு கொத்து கொத்தியது. "அது மான். நீ கரடி. கதையைச் சொல்!"

கடைசித் தூரத்தை நடந்தே கடந்தார்கள். ஓடையில் மத்தளம் கழுத்தளவு அமிழ்ந்து கிடந்தது. வயிறு குளிரத் தண்ணீர் குடித்தது. கரையில் உதிர்ந்து கிடந்த பழங்களைத் தின்றது. பிறகு நிழலில் நீட்டிப் படுத்தது.

"கெக்கலி, அந்த மேகத்தைப் பாரேன்."

கோழிக்குப் பகீரென்றது. "அழப் போகிறாயா?"

"இல்லை. அழகாக இருக்கிறது" என்றது மத்தளம். கொஞ்ச நேரம் தன் மனத்தையே உற்றுக் கேட்டது. "துள்ளவில்லை. ஆனால் இதமாக இருக்கிறது. எனக்கு இது போதும்."

அங்கே பாறையடியில் யானை முதல் முயல் வரை எல்லாரும் கூடி நின்றார்கள். குழைவன் விடியும் முன்பே குகை வாசலைத் தன் வாலால் பெருக்கி வைத்துவிட்டு வந்திருந்தது. கிடைக்கப்போகும் பலாப்பழத்துக்கு இடம் வேண்டும் என்று காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை. கெக்கலியைக் கழுத்தில் சுமந்தபடி கரடி ஆடி அசைந்து வந்து சேர்ந்ததும், அது முன்னால் ஓடி வந்தது.

"அண்ணா, எல்லாரும் காத்திருக்கிறார்கள். நேற்று என்னிடம் சொன்னதைச் சொல்லுங்கள்."

"நான் எதற்கும் உதவாதவன் என்று சொன்னேன்" என்றது மத்தளம். "ஆனால் இப்போது அப்படித் தோன்றவில்லையே, குழைவா."

நரிக்கு வியர்த்தது. "ஓடிவிட்டு வாருங்கள், அண்ணா, தோன்றும்!"

"ஓடிவிட்டுத்தான் வருகிறேன்."

"அப்படியானால் ஒழுங்காக ஓடியிருக்க மாட்டீர்கள்!" என்று குழைவன் ஆத்திரத்தில் கத்தியது. "வெறும் வயிற்றோடு ஓட வேண்டும்! தண்ணீர் குடிக்கக் கூடாது! விழுந்து கிடக்கும்போதே என்னிடம் வந்து..."

சொல்லி முடிப்பதற்குள், தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அதற்கே புரிந்துவிட்டது. யானை தும்பிக்கையைத் தூக்கிச் சிரித்தது. முயல்கள் உருண்டு உருண்டு சிரித்தன. நரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓட்டம் எடுத்தது.

"நில், குழைவா! என் பலாமரம்!" என்று கூப்பிட்டபடி மத்தளம் பின்னால் ஓடியது, கெக்கலியோடு பேசிக்கொண்டே.

நரி திரும்பிப் பார்த்தது. கரடி தன்னைக் கிழித்துப்போடத்தான் வருகிறது என்று நினைத்தது. தலைதெறிக்க மலையைச் சுற்றி ஓடியது. உச்சிவெயிலில், மலையின் மறுபக்கத்தில், கால் நான்கையும் நீட்டிக்கொண்டு விழுந்தது.

மத்தளம் வந்து சேர்ந்தபோது நரி தலையைத் தூக்கவே இல்லை. "என்னைக் கொன்றுவிடுங்கள், அண்ணா. நான் எதற்கும் உதவாதவன்" என்று தேம்பியது.

"ஆமாம் என்று சொல்" என்று கெக்கலி கரடியின் காதில் கிசுகிசுத்தது.

மத்தளம் அப்படிச் சொல்லவில்லை. அந்த அழுகை அதற்குப் பழக்கமான அழுகை. நரியைக் கழுத்தில் மெல்லக் கவ்வித் தூக்கி, ஓடைக்கரை நிழலில் இறக்கியது.

"முதலில் தண்ணீர் குடி. இந்தா, அத்திப்பழம். கொஞ்சம் தூங்கு. அதற்குப் பிறகும் உதவாதவன் என்று தோன்றினால், உட்கார்ந்து பேசுவோம்."

குழைவன் குடித்தது, தின்றது, தூங்கியது. எழுந்ததும் மீசையை நக்கிச் சரிசெய்துகொண்டது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கரடிக்கு அருகே நகர்ந்து வந்தது.

"அண்ணா, பலாமரம் உங்களுக்கே இருக்கட்டும். அந்த மருத மரத்தை மட்டும் நானே வைத்துக்கொள்ளட்டுமா? நிழலுக்காகத்தான்."

"பார்த்தாயா!" என்று கெக்கலி சிறகை அடித்துக்கொண்டு கூவியது. "பூரணமாகக் குணமாகிவிட்டது!"

நீதி: களைத்துக் கிடக்கும் நேரத்தில் உன்னை நீயே எடைபோடாதே, நீரும் உணவும் ஓய்வும் உடம்புக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு யோசி.