நரி வாலில் முளைத்த பச்சை

ஒரு காட்டில், மாதா கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில், ஒரு மேடு இருந்தது. முயலக்காவும் அணிலும் இன்னும் சில சின்ன விலங்குகளும் அங்கே குடியிருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம் வந்தால் ஊர்க்காரர்கள் தட்டில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதைப்பார்கள். கிறிஸ்துமஸ் குடிலில் பாலன் இயேசுவைச் சுற்றிப் பச்சைப் புல் வேண்டுமே! அதைப் பார்த்துப் பார்த்து மேட்டுக்காரர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. அவர்களும் ஒரு கொட்டாங்கச்சியில் விதைத்துத் தங்கள் குட்டிக் குடிலில் வைப்பார்கள்.

அந்த வருடம் அடைமழை. முயலக்கா நிறைமாதக்காரி வேறு. இடி இடித்தால் போதும், "ஐயோ, என் குட்டிகளை எங்கே கொண்டு போவேன்!" என்று நடுங்குவாள்.

பக்கத்துக் குகையில் இருந்த நரிக்கு அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் வளைக்குள் அவன் மூக்குதான் நுழையும். முயலைப் பிடித்துத் தின்ன, அவளை வெளியே வரவைக்க வேண்டுமே! அணில் சேர்த்து வைத்திருந்த விதையைத் திருடினான். அந்த இடத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த வறுத்த கேழ்வரகைப் போட்டுவிட்டான். திருடியதைத் தன் ஈரக் குகையில் கொட்டி, யார் கண்ணிலும் படாமல் அதன்மேலேயே படுத்துக்கொண்டான். பலே ஆள்!

அணில் ஒன்றும் தெரியாமல் விதைத்தான். நரி வந்தான்.

"இந்த வருடம் முளைக்கவில்லை என்றால் மேடே வெள்ளத்தில் போகும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என் பின்னால் வாருங்கள். நான் காப்பாற்றுகிறேன்!"

நாட்கள் போயின. முளை வரவில்லை.

"போயிடலாம் அணிலு, எனக்குப் பயமா இருக்கு," என்று முயலக்கா அழுதாள்.

"காத்திருக்கிறதுக்குத்தானே அக்கா இந்தக் காலமே! வரப்போகிறவர் வருவதற்கு முன்னால் நாம் வீட்டைக் காலி செய்தால் நல்லாவா இருக்கும்? கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறு," என்றான் அணில். அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் தினமும் தண்ணீர் தெளித்தான்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நரி குதித்துக்கொண்டு வந்தான்.

"ஒரு முளைகூட இல்லை! கிளம்புங்கள், சீக்கிரம்!" என்று திரும்பி நடந்தான்.

முயலக்கா வளைக்கு வெளியே ஒரு காலை வைத்தாள். பயத்தில் தலை நிமிரவில்லை. அதனால் அவள் கண்ணில் பட்டது நரியின் வால் மட்டும்தான்.

"நரி மாமா, உங்க வாலில் என்ன, பச்சையா முளைச்சிருக்கு?"

அணில் கிளையிலிருந்து தாவி வந்து, சேறு அப்பியிருந்த வாலில் ஒரு முளையை வெடுக்கென்று பிடுங்கினான்.

"அட, கேழ்வரகு! எங்கள் விதைமேலதான் தூங்கினீங்களா, மாமா?"

கொட்டாங்கச்சி மண்ணிலிருந்து ஒரு மணியை எடுத்து முகர்ந்தான். வறுத்த வாசனை!

மேடே கொல்லென்று சிரித்தது. நரி முட்புதருக்குள் விழுந்தடித்து ஓடினான். வாலில் இருந்த பச்சையெல்லாம் முள்ளில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. அணில் அதை அள்ளி வந்து குடிலில் வைத்தான்.

அன்று நள்ளிரவில் கிறிஸ்துமஸுக்குக் கோயில் மணி அடித்தபோது முயலக்காவுக்குக் குட்டிகள் பிறந்தன. உடனே வானத்தில் ஒரு பெரிய இடி.

"அது பாட்டுக்கு இடிக்கட்டும்," என்றாள் முயலக்கா, குட்டிகளை நக்கிக்கொண்டே.

நீதி: பயம் "ஓடு" என்று விரட்டினாலும் நம்பிக்கையோடு பொறுத்திரு, பயமுறுத்துகிறவனின் பொய் தானே வெளியே வரும்.